கொசுவுக்கு வளைகாப்பு

இந்தக் காலத்தில் ஒருவனை ஒருவன் நேராக அடிப்பதில்லை. அதற்கும் கமிட்டி போடுகிறார்கள். எங்கள் மடையைத் திருப்பித் தன் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியவனை நான் வரப்பிலேயே வைத்து அறைந்திருக்கிறேன். அவனும் மண்வெட்டிக் காம்பால் திருப்பிக் கொடுத்தான். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடித்தோம். இப்போது அடிக்கிறவன் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, "விதிப்படி" என்று சொல்லிவிட்டு அடிக்கிறான். வாங்கியவன் ஒத்துழைப்புக் கொடுத்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும். நான் வாங்கினேன், கையெழுத்தும் போட்டேன். அதனால் சொல்கிறேன்.

என் பெயர் கண்ணையன். வளவனூர் பக்கம் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் என்னை அடித்தார், நான் சிலேட்டால் அவரை அடித்தேன். படிப்பு அத்தோடு முடிந்தது.

என் மகள் வடிவு தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடம்பில் ரத்தம் போதவில்லை, சாயங்காலத்துக்குள் வயிற்றை அறுத்து எடுத்தாக வேண்டும் என்றார் விழுப்புரத்து டாக்டரம்மா. ஒரு பை ரத்தம் கையில் வராமல் கத்தி வைக்க மாட்டேன் என்றும் சொன்னார். வடிவுக்கு ஓ நெகட்டிவ். சுலபத்தில் கிடைக்காத ரத்தமாம். என் மகன் மணிமாறனுக்கும் அதேதான். அவன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றான். நர்ஸ் லூர்துமேரி அவன் முழங்கை மடிப்பில் ஊசித் தடத்தைப் பார்த்துவிட்டாள்.

"எப்ப குடுத்த?"

"போன மாசத்துல தான்க்கா... இல்ல, ரெண்டு வாரம் இருக்கும். ஊருக்குள்ள கேம்ப் போட்டாங்க. ஓ நெகட்டிவ்னு சொன்னதும் சால்வ போத்துனாங்க."

"யாரு?"

"திண்டிவனத்துக்காரங்க. கொசு ஆராய்ச்சி."

லூர்துமேரி தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த ஜில்லாவுல இருக்கிற ஓ நெகட்டிவ் மொத்தத்தையும் அவங்கதான் உறிஞ்சிக்கினு போறாங்க. உங்கிட்ட மூணு மாசத்துக்கு எடுக்கக் கூடாது. நீ குடுத்த பை இன்னும் அங்க ஃப்ரிட்ஜிலதான் இருக்கும். பெரியவரே, ஜல்தியா போயி கேட்டு வாங்கியாங்க. ஐஸ் பெட்டில வச்சிக் குடுக்கச் சொல்லுங்க."

"கொசுவுக்கு இன்னாத்துக்கும்மா பையில ரத்தம்? அதுதான் நேரா வந்து குடிக்குதே."

"நேரா வர்றது ஊர்க் கொசு. இது ஆபீஸ் கொசு."

வடிவு கட்டிலில் படுத்திருந்தாள். உதடு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, போற எடத்துல யாரையும் அடிக்காத. ரத்தத்த மட்டும் வாங்கிக்கினு வா."

அவளுக்கு என்னைத் தெரியும்.

திண்டிவனத்தைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது அந்த மையம். கொசு முட்டை வளர்ச்சி ஊட்டச்சத்து ஆய்வு மையம் என்று வளைவில் எழுதியிருந்தது. அதன் கீழே இன்னொரு பலகை: "இங்கு தாய்மார் வசிக்கின்றனர். கை தட்டாதீர்." வளைவில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். உள்ளே பந்தல், நாற்காலி, மைக். வாசலில் விருத்தாசலம் என்ற வாட்ச்மேன் மூங்கில் கழியோடு நின்றான். ஆள் பனைமரம் மாதிரி இருந்தான். இரண்டு கையிலும் மணிக்கட்டு முதல் முழங்கை வரைக்கும் அம்மை போட்டது போல் சிவப்புப் புள்ளி.

"இன்னாப்பா கையில?"

"டூட்டி. வாரத்துல ஒருநாள் கூண்டுக்குள்ள கைய வுடணும். இங்க வாட்ச்மேன் வேலைக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணித்தான் எடுப்பாங்க. நீங்க இன்னா விசயமா?"

நான் வாயைத் திறந்தேன். கழுத்தில் சுருக்கென்றது. எந்த மனிதனும் செய்வதைத்தான் செய்தேன். பட்டென்று அடித்தேன்.

அடுத்த நொடி என் கன்னத்தில் பளார் என்று விழுந்தது. கண்ணில் பொறி பறந்தது. கடைவாயில் உப்புக் கரித்தது. துப்பினேன், சிவப்பாக விழுந்தது.

"கோச்சிக்காதீங்க பெரியவரே" என்றான் விருத்தாசலம், கீழே விழுந்த என் துண்டை எடுத்து என் தோளில் திரும்பப் போட்டபடியே. "இந்தக் காம்பவுண்டுக்குள்ள கொசுவ எவன் அடிச்சாலும் ஒண்ணுக்கு ஒண்ணு திருப்பி அடிக்கணும். அதான் ரூல்ஸ். என் மாமனாரையே அடிச்சிருக்கேன். கைய மூடிக்கினு வாங்க, பொணத்த கீழ போட்டுறாதீங்க."

கையில் ஒட்டியிருந்த கொசுவோடு என்னை உள்ளே இழுத்துப் போனான்.

இயக்குநர் கோகுலகிருஷ்ணன் பட்டு வேட்டியில் இருந்தார். நெற்றியில் சந்தனம். விழா நாளில் கொலைக் கேஸ் வந்துவிட்டதே என்று அவர் முகம் சுருங்கியது. இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்து அங்கேயே கமிட்டி ஆக்கினார். கலைப்பிரியா என்கிற சின்ன விஞ்ஞானி என் உள்ளங்கையிலிருந்து கொசுவை இடுக்கியால் எடுத்து, கண்ணாடியில் வைத்து, ஊசியால் வயிற்றைக் கிழித்துப் பார்த்தாள். மகளுக்கு வயிறு கிழிக்க ரத்தம் இல்லாமல் நான் வந்தால், இங்கே கொசுவுக்கு உடனே கிழிக்கிறார்கள்.

"கர்ப்பிணி சார்" என்றாள். "முட்டையில மஞ்சக்கரு ஏற ஆரம்பிச்சிருக்கு."

கோகுலகிருஷ்ணன் கண்ணை மூடித் திறந்தார். "வயித்துல இருக்கிற ரத்தம் நம்ம ஸ்டாக்கா?"

"புதுசும் இருக்கு சார். இவரோடது. புரோட்டீன் கம்மிதான்."

"பாத்தீங்களா!" என்று கமிட்டி பக்கம் திரும்பினார். "அனுமதி இல்லாம ரத்தம் குடுத்திருக்கார். அதுவும் தரமில்லாத ரத்தம். குடுத்துட்டு அடிச்சிருக்கார். ரெண்டு குத்தம்."

"நான் எங்க சாமி குடுத்தேன்? அது எடுத்துக்கிச்சி" என்றேன்.

"தாய்மேல பழி போடாதீங்க."

கமிட்டி தலையாட்டியது. இன்னும் ஒரு அடி தீர்ப்பாயிற்று. விருத்தாசலம் முதுகில் கழியால் ஒன்று வைத்தான். அடித்துவிட்டு, "கொஞ்சம் மெதுவாத்தான் வச்சேன்" என்று காதில் சொன்னான். முதுகுத்தண்டு அப்படிச் சொல்லவில்லை. ஒத்துழைப்புக்கு நன்றி என்று அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

நான் வலியை விழுங்கிக்கொண்டு வந்த விஷயத்தைச் சொன்னேன். மணிமாறன் கொடுத்த பை, வடிவு, குறுக்கே கிடக்கிற பிள்ளை, சாயங்காலம். கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். படித்தவர்கள் பொறுமையாகக் கேட்டாலே எனக்குப் பயம்.

"கலைப்பிரியா, அந்தப் பை எங்க?"

"இன்னிக்கு விழாவுக்கு அதைத்தான் சார் எடுத்து வச்சிருக்கோம். ஓ நெகட்டிவ்ல முட்டை அதிகம் வருதுன்னு நம்ம மையத்து முடிவு."

அவர் என் பக்கம் குனிந்தார். "பெரியவரே, ஒங்க பொண்ணு எத்தனை முட்டை?"

"முட்டை இல்லீங்க, பிள்ளை. ஒண்ணு."

"ஒண்ணா?" நாற்காலியில் சாய்ந்தார். "ஒரு முழுப் பை ரத்தத்துக்கு ஒண்ணு. எங்க தாய் ஒரு துளி குடிச்சிட்டு, ரெண்டு மூணு நாள்ல நூறு முட்டை வைக்குது. நீங்களே விவசாயிதானே? எந்த நெலத்துக்கு ஒரம் போடுவீங்க?"

"நெலத்துக்குப் போடுவேன். களைக்குப் போட மாட்டேன்."

அவருக்கு அது காதில் விழவில்லை. மேலே பேசிக்கொண்டே போனார். "அதுவும் இல்லாம, மனுசப் பொம்பளைக்கு ஆஸ்பத்திரி இருக்கு, சத்துமாவு இருக்கு, சமுதாய வளைகாப்பு இருக்கு. இதுங்களுக்கு நாதி? நாங்கதான். அதனாலதான் இன்னிக்கி இதுங்களுக்கும் வளைகாப்பு வச்சிருக்கோம். ஒக்காந்து சாப்ட்டுட்டுப் போங்க."

வெளியே இழுத்து வந்து விட்டார்கள். கலைப்பிரியா பின்னாலேயே வந்தாள். நல்ல பெண். எனக்குப் புரிய வைத்தால் என் வலி குறையும் என்று நினைத்தாள்.

"தாத்தா, பொம்பளைக் கொசு பறக்கிறதுக்குச் சர்க்கரைத் தண்ணி போதும். முட்டைக்குத்தான் ரத்தம். ரத்தத்துல இருக்கிற புரோட்டீன வயித்துல ஒடைச்சி, ஒடம்புக் கொழுப்புக்கு அனுப்பும். அங்க மஞ்சக்கருவுக்கு வேண்டிய சத்து தயாராகி முட்டைக்குப் போவும். சத்து பத்தலன்னு வையுங்க, சில முட்டையை வளக்காம அதுவே கரைச்சித் தன் ஒடம்புல திரும்பச் சேத்துக்கும். இந்தக் கணக்கு முழுசாத் தெரிஞ்சா, முட்டையே வைக்காமப் பண்ணிடலாம். காய்ச்சலே வராது."

"எம் பொண்ணால கரைச்சிக்க முடியாதும்மா" என்றேன். "அவ வளத்துட்டா."

அவள் கீழே பார்த்தாள்.

"எப்ப முட்டை வைக்காமப் பண்ணுவீங்க?"

இதற்குப் பின்னாலிருந்து இயக்குநர் பதில் சொன்னார். "பண்ணிட்டா மையம் எதுக்கு? இத்தனை பேரு வேலை எதுக்கு? பெரிசா பேசாதீங்க, விருந்தாளி வந்துட்டார்."

பந்தலில் நான் கண்டதை ஊரில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. மேடையில் வலைக்கூண்டுகள். கூண்டுக்குப் பூச்சரம். மூலைக்கு மூலை கண்ணாடி வளையல் மாட்டியிருந்தார்கள். முன்னால் புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம், தேங்காய் சாதம். பக்கத்து ஊர்ப் பெண்கள் சேலை தருகிறார்கள் என்று வந்து, வரிசையாகக் கூண்டுக்குச் சந்தனம் தெளித்தார்கள். உள்ளே கரும்புகையாக ஆயிரக்கணக்கில் கொசு. விழாவில் நன்றாகக் குடிக்க வேண்டும் என்று முந்தைய நாளிலிருந்து சர்க்கரைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் பட்டினி போட்டிருந்தார்கள். கூண்டு ரீங்காரம் பம்புசெட்டு மாதிரிக் கேட்டது.

சிறப்பு விருந்தினர் பேசினார். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. "தாய்மையைப் போற்றாத நாடு உருப்படாது" என்றார். யாரும் கை தட்டவில்லை. தட்டக்கூடாது. எல்லாரும் கையைத் தூக்கி விரலை மட்டும் ஆட்டினார்கள். "என் சர்வீசில் நான் ஒரு கர்ப்பிணியின் மனுவையும் நிராகரித்ததில்லை. படித்ததே இல்லை" என்றார். மறுபடி விரல்கள் ஆடின.

அப்போது ஒரு தட்டில் பூ வைத்து அந்தப் பையைக் கொண்டு வந்தார்கள். மேலே பெயர் ஒட்டியிருந்தது. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். மணிமாறன். பக்கத்தில் ஐஸ் பெட்டி. இன்னொரு பக்கம் வெந்நீர்த் தொட்டி, ரத்தத்தை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து கொசுவுக்கு ஊட்டுகிற கண்ணாடிக் கிண்ணங்கள். விருந்தினர் கையில் கத்தரிக்கோல் கொடுத்தார்கள்.

வடிவு சொன்னது நினைவில் இருந்தது. ஆனாலும் அவள் உதடும் நினைவில் இருந்தது.

மேடைக்கு ஏறி அந்தப் பையைப் பிடுங்கினேன். விருந்தினர் கத்தரிக்கோலால் என் புறங்கையைக் குத்தினார். நான் விடவில்லை. கோகுலகிருஷ்ணன் என் குடுமியைப் பிடித்து இழுத்தார். முழங்கையால் அவர் மூக்கில் இடித்தேன். கரும்பு முறிகிற சத்தம் வந்தது. கமிட்டிக்காரர் இருவரும் ஆளுக்கொரு காலைப் பிடித்தார்கள். நாலு பேராகக் கூண்டு மேசையின் மேல் விழுந்தோம். மேசை சாய்ந்தது. வளையல்கள் நொறுங்கின. பை என் நெஞ்சுக்கும் மேசைக் காலுக்கும் நடுவில் சிக்கி, பட்டென்று வெடித்தது.

என் மகனின் ரத்தம் சூடில்லாமல் என் சட்டை முழுக்க ஓடியது.

கூண்டும் கிழிந்தது.

பட்டினி கிடந்தது எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. முதலில் என்மேல் கவிந்தது. ஆறிய ரத்தம் பிடிக்கவில்லை போல. அடுத்த கணம் பந்தலில் இருந்த சூடான கழுத்துகளைத் தேடிப் போயிற்று.

"யாரும் அடிக்காதீங்க! எல்லாம் தாய்மார்! அசையாம குடுங்க!" என்று மூக்கில் ரத்தம் வழிய மைக்கில் கத்தினார் கோகுலகிருஷ்ணன். கத்திய வாய்க்குள் இரண்டு போயின. அவர் கன்னத்தில் அவரே ஒன்று போட்டுக்கொண்டார்.

விருத்தாசலம் விதி தெரிந்தவன். மேடைக்கு ஏறி இயக்குநரின் மறு கன்னத்தில் ஒன்று விட்டான். அவர் மூன்று அடித்தார், அவன் மூன்று விட்டான். விருந்தினர் தலையில் தட்டிக்கொண்டார், அவருக்கும் விழுந்தது. மற்ற வாட்ச்மேன்களும் கழியோடு இறங்கினார்கள். கை தட்டக்கூடாது என்றிருந்த இடத்தில் கோயில் மேளம் மாதிரித் தட்டுச் சத்தம். கொசு கடிக்க, கடிபட்டவன் தட்ட, தட்டியவனைக் காவல்காரன் தட்ட, அடிபட்டவன் பக்கத்தில் இருந்தவனை நாற்காலியால் தாக்க, புளிசாத அண்டாவில் ஒருத்தர் தலைகீழாக நின்றார். சேலைக்கு வந்த பெண்கள்தான் புத்திசாலிகள். தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு, சேலையை எடுத்துக்கொண்டு, சுவரேறிக் குதித்துப் போய்விட்டார்கள்.

நான் வாசலுக்கு வெளியே வந்து சாலையோரம் உட்கார்ந்தேன். ஈரச் சட்டை. வெறுங்கை. இந்தக் கையோடு எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவது என்று தெரியவில்லை. அறுபது வருஷமாக அழாதவன் அழுதேனா என்று கேட்காதீர்கள். கண்ணில் கொசு விழுந்திருந்தது.

ஒரு மொபெட் வந்து நின்றது. விருத்தாசலம். காக்கிச் சட்டை கிழிந்து, ஒரு கண் வீங்கி.

"வேலைய வுட்டுத் தூக்கிட்டாரு" என்றான். "ரூல்ஸ அவருதான் எழுதுனாரு. நான் படிச்சிட்டு அடிச்சேன். ஏறுங்க."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கி. எனக்கும் ஓ நெகட்டிவ்தான். அதுக்குத்தானே வேலைக்கு எடுத்தாங்க."

"அடப்பாவி! இத வாசல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க எங்க கேட்டீங்க? வந்ததும் கொசுவ அடிச்சீங்க."

விழுப்புரம் போகிற வரை அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என்னை அடித்தவன். அவன் சொல்வதை நம்பலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். லூர்துமேரி என் சட்டையைப் பார்த்துவிட்டு அலறினாள். அவன் கைப் புள்ளிகளைப் பார்த்து யோசித்தாள். சோதனையெல்லாம் செய்தாள். பிறகு தடிமனான ஊசியை எடுத்தாள். பூனைக்குட்டி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான் விருத்தாசலம்.

"ஆயிரம் ஊசி குத்துன கை, இதுக்குப் பயப்படுற?"

"அதுங்க மெதுவா குத்தும்க்கா."

பெண் குழந்தை. வடிவு கண் திறந்ததும் என் கையில் கத்தரிக்கோல் குத்துக்குப் போட்ட கட்டைப் பார்த்தாள், வீங்கின கன்னத்தைப் பார்த்தாள்.

"யாரையாவது அடிச்சியாப்பா?"

"ஒரு கொசுவ அடிச்சேம்மா. மத்ததெல்லாம் அதுவா நடந்தது."

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். மையத்துக்காரர்கள் முடிக்க விடவில்லை. விருத்தாசலத்தின் மேல் விசாரணை, நீங்கள் சாட்சி சொல்ல வர வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். அவனுக்காகப் போனேன்.

கோகுலகிருஷ்ணன் மூக்கில் பிளாஸ்திரி. குரல் மட்டும் குடத்துக்குள்ளிருந்து வந்தது. இயக்குநரை அடித்தது குற்றமில்லையாம், விதிப்படி சரியாம். "ஆனா, மையத்துக்குன்னு நியமிச்ச ரத்தத்த வெளியாளுக்குக் குடுத்திருக்கான். எங்க தாய்மாருக்கு வாரா வாரம் போக வேண்டிய சத்து. அது ஒரே ஒரு பிரசவத்துக்குப் போயிடுச்சு. இது துரோகம்." வேலை போனது போனதுதான்.

"அவன் ஒடம்புல ஓடுற ரத்தம் ஒங்களுதா?" என்று கேட்டேன்.

"ட்யூட்டி நேரத்துல எங்களுது."

விருத்தாசலம் என்னைப் பார்த்துச் சிரித்தான். புதுவைப் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைத்துவிட்டதாம். அங்கே ரத்தம் கேட்கவில்லையாம், போட்டோதான் கேட்டார்களாம்.

பிறகு இயக்குநர் எழுந்து ஒரு சால்வையை விரித்தார். வளைகாப்பு அன்று கொசுக்கள் பெரிய மனிதர்களின் ரத்தத்தைக் குடித்து, மையத்தின் வரலாற்றிலேயே இல்லாத அளவுக்கு முட்டை வைத்தனவாம். நல்ல சாப்பாடு சாப்பிட்ட ரத்தமாம். அதற்குக் காரணமான என்னைப் பாராட்ட வேண்டுமாம். இனி வருஷா வருஷம் கூண்டைத் திறந்துவிட்டே விழாவாம். கலைப்பிரியா மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஆராய்ச்சியால நாளைக்கு ஒங்க பேத்திக்குக் காய்ச்சல் வராது பெரியவரே. நம்பணும். அறிவியல நம்பணும்."

அந்தச் சின்னப் பெண் மட்டும் சொல்லியிருந்தால் பாதி நம்பியிருப்பேன்.

சால்வையை அவர் கையிலேயே விட்டுவிட்டு நடந்தேன். வாசலில் புது வாட்ச்மேன். அதே மூங்கில் கழி. பலகைக்குப் பக்கத்தில் வந்தபோது கழுத்தில் சுருக்கென்றது. அவன் கழியை இறுக்கிப் பிடித்தான். அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே, கழுத்தைவிட்டுப் பறந்ததை இரண்டு கையாலும் பட்டென்று தட்டினேன். உள்ளங்கையில் சிவப்பு. என்னுடையதுதான்.

கொசுவை வேட்டியில் துடைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸுக்கு நடந்தேன். பின்னால் அவன் ஓடி வருகிற சத்தம் கேட்டது. வரட்டும். வெளியே சாலை யாருடைய காம்பவுண்டும் இல்லை.